பூச்சி தொடாத இலை

1

இந்தக் கதை ஒரு பிழைத்திருத்தமாகத்தான் தொடங்கியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு. இரண்டு வரி எழுதித் தந்தால் போதும், மிச்சமிருக்கிற பிரதிகளில் ஒட்டிவிடுகிறேன் என்று பதிப்பாளர் ஸ்ரீதர் சொன்னார். உட்கார்ந்தேன். இரண்டு வரி நாற்பது வரியாகிவிட்டது. நாற்பது வரியைப் பார்த்ததும் எனக்குள் இருக்கும் சிறுகதைக்காரன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒன்பது நாளாகிறது. அவனும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை.

என் பெயர் கோமதிநாயகம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து இருபத்தாறு வருஷமாகிறது. ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நான்கு சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். அந்த நான்கும் சேர்ந்து விற்றதைவிட ஒரே வருஷத்தில் அதிகம் விற்றது 'சட்டைப்பைக் கீரைக் கையேடு' என்ற நாற்பத்தெட்டுப் பக்கப் புத்தகம். வரப்பிலும் காலி மனையிலும் சாலையோரத்திலும் தானாக முளைக்கிற கீரைகளில் எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது, எப்படி அடையாளம் காண்பது என்று படத்தோடு எழுதியது. கம்பெனி யூனிஃபார்ம் சட்டைப்பையில் கச்சிதமாக அடங்கும். அளவெடுத்துத்தான் அடித்தோம். [இந்த இடத்தில் பெருமை அடித்துக்கொள்கிறேனோ? இருக்கட்டும். அப்போது பெருமையாகத்தான் இருந்தது.]

பிழை பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. அந்த வாக்கியம் இது:

"பூச்சி தொடாத, புழு அறியாத, பளபளக்கும் இளம் இலைகளையே பறியுங்கள்."

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

2

கதைக்கு நான்கு தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "சசிரேகாவுக்கு ரோஜாவைத் தவிர எந்தச் செடியின் பெயரும் தெரிந்திருக்க—" இதை அங்கேயே நிறுத்திவிட்டேன். பொய். மண்ணூரில் பிறந்து மண்ணூரிலேயே வாழ்க்கைப்பட்டவருக்கு நெல்லும் கத்தரியும் தெரியாமல் இருக்குமா? நகரத்து வாசகரைச் சிரிக்கவைப்பதற்காக ஒருவரை முட்டாளாக்குகிற பழைய உத்தி இது. என்னிடம் அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

இரண்டாவது: "பிற்பகல் மூன்றேகால். ஒரகடம் சாலையில் ஏ ஷிஃப்ட் விட்ட கூட்டம் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்தது." இது பரவாயில்லை. ஆனால் தொடர்ந்து வெயிலைப் பற்றி ஆறு வாக்கியம் எழுதிவிட்டேன். வெயில் எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது: "அவள் சாகவேண்டும் என்று நினைக்கவே இல்லை." இதை எழுதிவிட்டு ஒரு பகல் முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசகரைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுக்கிற வரி. ஒரே ஒரு கேள்விதான். அவர் என்ன நினைத்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி பின்னால் மறுபடி வரும். தள்ளிவைக்கிறேன்.

நான்காவது தொடக்கத்தில் அலங்காரம் கிடையாது, தகவல் மட்டும்தான். இதையே வைத்துக்கொள்வோம்.

சசிரேகாவுக்கு முப்பத்துமூன்று வயது. கணவர் திருமலை வேறொரு கம்பெனிக்கு ஊழியர் வேன் ஓட்டுகிறார். ஒரு மகள், ஐந்தாம் வகுப்பு. சசிரேகா ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஏழு வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. வேலை, கடைசிப் பரிசோதனை. லைனில் வந்து விழும் ரப்பர் வளையங்களை விளக்குக்கு அடியில் திருப்பிப் பார்க்கவேண்டும். ஒரு கீறல், ஒரு குமிழ், ஒரு பொட்டு இருந்தாலும் சிவப்புத் தொட்டி. மாசு மரு இல்லாதது பச்சைத் தொட்டி. ஒரு ஷிஃப்டுக்கு மூவாயிரம் வளையம் பார்ப்பாராம்.

இந்த வருஷம் பதினான்கு பேரை நிரந்தரமாக்கப்போவதாகக் கம்பெனி பட்டியல் ஒட்டியது. அதில் சசிரேகாவின் பெயர் ஒன்பதாவது. பாக்கி இருந்தது மருத்துவப் பரிசோதனை மட்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்தாவது இருக்கவேண்டும் என்று விதி. தனக்கு எட்டு புள்ளி ஆறுதான் என்று ஒரு முகாமில் எடுத்த சீட்டு அவர் கைப்பையில் இருந்தது. பரிசோதனைக்கு ஆறு வாரம் இருந்தது.

3

புத்தகம் அவர் கைக்கு வந்தது வல்லக்கோட்டையில். கிருத்திகைக்குப் போனபோது கோயில் வாசல் கடையில் முருகன் பாட்டுப் புத்தகங்களுக்கு நடுவே கிடந்ததாம். புரட்டிப் பார்த்தபோது 'ரத்தசோகைக்கு' என்ற தலைப்பு கண்ணில் பட்டிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் அவருக்கு வயிறு எரியும். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுவார். சந்தைக்குப் போய்க் கீரை வாங்க நேரம் தோதுப்படாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இருபது நிமிஷத்தில் காலடியிலேயே கீரை இருக்கிறது என்று என் புத்தகம் சொன்னது.

முதல் வாரம் அவர் எதையும் பறிக்கவில்லை. தினமும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்திருக்கிறார். இலை எதிரெதிராக இருக்கிறதா மாறிமாறி இருக்கிறதா, தண்டில் சிவப்பு ஓடுகிறதா, பூக்கதிர் எப்படி நிற்கிறது என்று. இரண்டாவது வாரம் குப்பைக்கீரையையும் தொய்யக்கீரையையும் சந்தேகமில்லாமல் பிடித்துவிட்டார். புத்தகத்தில் சொன்னபடி முதல் நாள் ஒரு கைப்பிடி மட்டும் சமைத்து, ஒரு நாள் பொறுத்து, பிறகு கூட்டினார். என்னிடம் படித்த எத்தனையோ பேரில் இவ்வளவு ஒழுங்காக யாரும் செய்முறை செய்ததில்லை.

இந்த இடத்தில் ஜாஸ்மின் என்றொரு தோழியைக் கொண்டுவந்தேன். நாகர்கோவில் பக்கத்துப் பெண், அதே லைனில் வேலை. "ஏ, கண்ட இடத்துல பறிக்காத, கேட்டியா" என்று எச்சரிப்பாள். சசிரேகா காதில் வாங்கமாட்டார். நான்கு பக்கம் எழுதினேன். ஜாஸ்மின் நன்றாகப் பேசினாள்.

பிறகு சசிரேகாவிடம் போனில் கேட்டேன், அப்படி யாராவது சொன்னார்களா என்று.

"யாரும் ஒண்ணும் சொல்லலை சார். இன்னாடி, ஆடு மாதிரி மேயறேன்னு சிரிச்சாங்க. அவ்ளோதான்."

ஜாஸ்மினை எடுத்துவிட்டேன். எடுக்கும்போதுதான் அவளை எதற்காக உண்டாக்கினேன் என்று விளங்கியது. யாரோ ஒருத்தி எச்சரித்திருந்தால், கேட்காமல் போனது சசிரேகாவின் தப்பு. என் புத்தகத்தின் பங்கு கொஞ்சம் குறையும். பாத்திரப் படைப்பு என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில் இந்த மாதிரி வேலைகளும் நடக்கின்றன.

4

பஸ் நிற்கும் இடத்தில் கீரை இரண்டு இடங்களில் முளைத்திருந்தது. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்று சாலைக்கு எதிர்ப்பக்கம், சிறுபாலத்தை ஒட்டி. செழிப்பாக இருக்கிறது, ஆனால் இலையெல்லாம் சல்லடை. இன்னொன்று பக்கத்திலிருக்கும் வேறொரு கம்பெனியின் மதிலோரம். அங்கே அழகுக்காக வரிசையாக வேலிச்செடி வைத்து வெட்டிவிட்டிருக்கிறார்கள். அதன் அடியில், சொட்டுநீர்க் குழாயின் புண்ணியத்தில், தொய்யக்கீரையும் குப்பைக்கீரையும் முழங்கால் உயரம். ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை.

சசிரேகா முதலில் இரண்டு இடத்திலும் பறித்து, பஸ்ஸில் உட்கார்ந்து தரம் பிரித்திருக்கிறார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, காலடியில் ஒரு பை. நல்லது மடிக்கு, மற்றது காலடிக்கு. பார்த்தவர்கள் சிரித்ததில் வியப்பில்லை.

"பாலத்தாண்ட கீறதெல்லாம் ரிஜெக்ட்டு சார். ஹெட்ஜாண்ட ஒரு பீஸ்ல கூட டிஃபெக்ட் இல்ல. நீங்க வேற அப்படித்தான் எடுக்கணும்னு போட்டு கீறீங்க" என்றார்.

கண்ணையும் கையையும் ஏழு வருஷம் பழக்கிவைத்த ஒருவரிடம் போய், புள்ளி இல்லாததை எடு என்று சொன்னேன்.* அதை என்னைவிடச் சுத்தமாக அவர் செய்தார். மூன்றாவது வாரத்திலிருந்து பாலத்துப் பக்கம் போகவே இல்லை.

* குப்பைக்கீரையில் ஓட்டை விழாத இலை அபூர்வம். இது கீரைக்காரர் யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கையேட்டின் முதல் படியில் நான் எழுதியிருந்தது இது: "இலையில் ஓட்டை இருந்தால் ஒதுக்கவேண்டாம். அங்கே மருந்து அடிக்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்." படித்துப் பார்த்தபோது விவசாயத் துறையின் துண்டறிக்கை மாதிரி இருந்தது. சந்தம் இல்லை. அடித்துவிட்டு, 'பூச்சி தொடாத, புழு அறியாத' என்று எழுதினேன். எழுதிய மத்தியானம் இரண்டு பேரிடம் படித்துக் காட்டினேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

5

அது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை மருத்துவப் பரிசோதனை.

புதன்கிழமை அந்தப் பக்கத்துக் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. வேலிச்செடியில் மாவுப்பூச்சி விழுந்திருந்தது. தோட்ட ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்பி, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நன்றாக மருந்து தெளிக்கவைத்தார். மூன்றேகாலுக்குள் காய்ந்துவிட்டது. பரிசோதனை நெருங்குகிறதே என்று சசிரேகா அன்றைக்கு இரண்டு மடங்கு பறித்தார்.

உப்புத் தண்ணீரில் இரண்டு தடவை அலசினார். பருப்பு போட்டுக் கடைந்தார். கணவரும் மகளும் காலையில் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டார்கள். கீரை முழுவதையும் அவர் ஒருவரே சாப்பிட்டார். ரத்தம் ஏறவேண்டியது அவருக்குத்தானே.

முந்தின நாள் வீட்டில் ஒரு சண்டை. நிரந்தரமானால் எல்லா ஷிஃப்டும் போகவேண்டியிருக்கும், பிள்ளையை யார் பார்ப்பது, இப்படியே இருந்தால் என்ன என்று திருமலை கேட்டிருக்கிறார். ஏழு வருஷம் நின்ற காலின் வலி எனக்குத்தான் தெரியும் என்று இவர் கத்தியிருக்கிறார். தெருவுக்கே கேட்டிருக்கிறது.

சாயந்தரம் ஏழு மணிக்கு வாந்தி. உடம்பெல்லாம் வேர்வை. வாயில் எச்சில் நிற்காமல் ஊறுகிறது. எதிரே நிற்கிற மகளின் முகம் கலங்கலாகத் தெரிகிறது. திருமலை வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருப்பதைப் பார்த்த உடனே, என்ன மருந்து குடித்தாய் என்று கேட்டார். கீரை சாப்பிட்டேன் என்றார் சசிரேகா. டாக்டர் திருமலையைப் பார்த்தார். திருமலை தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் எந்தத் தப்பும் செய்யவில்லை. நஞ்சு என்னவென்று சரியாகக் கண்டுபிடித்தார், சரியான ஊசி போட்டார், உயிரைக் காப்பாற்றினார். ஆனால் தாளில் எழுதவேண்டுமே. 'பூச்சிக்கொல்லி நஞ்சு. தானாக உட்கொண்டதாகச் சந்தேகம்' என்று எழுதினார். இந்த மாவட்டத்தில் அந்தக் கண்களோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து அதையே கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து புள்ளி இரண்டு. மாத்திரையாலா கீரையாலா என்று நான் சொல்லமாட்டேன். அவர் தேறியிருப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

6

எல்லாம் முடிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சசிரேகா என் வீட்டுக்கு வந்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் முகவரி இருக்கிறது. புத்தகம் அவர் கையில் இருந்தது. பதினோராம் பக்கத்தில் நீல மையில் அடிக்கோடு. மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வீட்டு நிலவரத்தைச் சொன்னார். திருமலை அன்றிலிருந்து ஒரு வார்த்தை உரக்கப் பேசுவதில்லை. பினாயில் பாட்டிலையும் எலி மருந்தையும் எங்கோ எடுத்து ஒளித்துவைத்துவிட்டார். குளியலறையில் கொஞ்ச நேரம் கூடுதலாக ஆனால் மகள் வந்து கதவைத் தட்டுகிறாள். துணைக்கென்று வந்து தங்கியிருக்கும் மாமியார் அவரைச் சமையலறைப் பக்கம் விடுவதில்லை.

"எல்லாரும் ரொம்ப நல்லா நடந்துக்கறாங்க சார். அதான் தாங்க முடியலை" என்றார்.

காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். ஒரு கதையில் இதை எங்கே வைக்கலாம் என்று அதே நிமிஷம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

கம்பெனியில் ஆஸ்பத்திரித் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு அவர் பெயரை நிறுத்திவைத்திருந்தார்கள். மற்ற பதின்மூன்று பேருக்கும் உத்தரவு வந்துவிட்டது. மனநிலை சரியில்லாதவரை நிரந்தரமாக்கலாமா என்று முடிவுசெய்ய மூன்று பேர் கொண்ட குழு இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிறது. அவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கையில் ஏதாவது எழுத்து இருந்தால் கொண்டுவரலாம் என்று ஒரு மேற்பார்வையாளர் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

"புக்குல போட்டபடிதான் செஞ்சேன்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார். வேற யாரு சொன்னாலும் எடுபடாது."

"எழுதித் தாரேம்மா" என்றேன். யோசிக்காமல் சொன்ன சொல் அது. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

7

ஸ்ரீதரிடம் சொன்னேன். நல்ல மனிதர். போனிலேயே பதறிவிட்டார். கடிதம் கொடுத்தால் நாளைக்கே வழக்கு வரும், நீங்களும் நானும் கோர்ட்டுக்கு நடக்கமுடியாது, பிழைத்திருத்தம் போடுவோம், அதுவும் 'இலைகளை நன்கு கழுவிப் பயன்படுத்தவும்' என்று பொதுவாகப் போடுவோம் என்றார். முதல் பக்கத்தில் சொன்ன சீட்டு இதுதான்.

மருந்து தெளித்தவரைத் தேடிப் போனேன். அவரை எல்லப்பன் என்று வைத்துக்கொள்வோம். [அவருடைய பெயர் எல்லப்பன் இல்லை. போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.] ஐம்பது வயது, முதுகில் தொட்டி, மூக்கில் துண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை தெளித்தது உண்மைதான் என்றார். அந்த அம்மா பறிப்பதை முன்பே இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறார்.

"முயலுக்குப் பறிக்கிறாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். ஐடி கார்டு மாட்டிக்கினு கீறவங்க இத்தப் போயி துன்னுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கவில்லை.

ஆகவே மிஞ்சியது நான் ஒருவன்தான். வீட்டுக்கு வந்து கடிதம் எழுத உட்கார்ந்து கதை எழுதினேன். கதையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளலாம். கோர்ட்டில் யாரும் கதையை நீட்டமுடியாது.

8

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) குழு கூடுகிறது. அதில் ஒருவர் தற்செயலாக வேளாண்மை படித்தவர். அவருக்கு உடனே விளங்கிவிடுகிறது. சசிரேகாவுக்கு உத்தரவு கிடைக்கிறது. [தற்செயலாக வேளாண்மை படித்தவர்கள் கதைகளில்தான் கிடைப்பார்கள்.]

(ஆ) வயதான எழுத்தாளர் ஒருவர் குழுவின் முன் எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று முழங்குகிறார். எல்லாரும் கலங்குகிறார்கள். [எழுதும்போது எனக்கே கண்ணில் நீர் வந்தது. என்னைப் பார்த்து நானே அழுவதைப்போலக் கேவலம் வேறில்லை. கிழித்துவிட்டேன்.]

(இ) சசிரேகா குடித்தார்.

கொஞ்சம் பொறுங்கள். எழுதத் தெரிந்தவனாகச் சொல்கிறேன், மூன்றிலும் நல்ல கதை இதுதான். முந்தின நாள் சண்டை. ஒரே வீட்டில் மூன்று பேர் சாப்பிட்டு ஒருவருக்கு மட்டும் வாந்தி. ஏழு வருஷக் களைப்பு. குடித்துவிட்டுப் பிழைத்தவர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, பையில் இருந்த கையேட்டில் ஒரு வரியைக் கண்டுபிடித்து நீல மையால் அடிக்கோடு போடுகிறார். எல்லாம் பொருந்துகிறது. இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். ஒரு சொல்லைக்கூட அடிக்கவேண்டியிருக்கவில்லை.

இதில் இன்னொரு வசதி உண்டு. இந்த முடிவில் என் பதினோராம் பக்கத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

எல்லப்பன் தெளித்தது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் இதை எழுதினேன். கணவரும் மாமியாரும் போலீஸும் கம்பெனியும் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த கதையைத்தான் நானும் நல்ல நடையில் எழுதியிருக்கிறேன் என்று மறுநாள் காலையில் படித்தபோது தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஒரு பாத்திரத்தைச் சந்தேகிப்பது எங்கள் தொழிலில் கெட்டிக்காரத்தனம். எதிரே உட்கார்ந்து காபியைத் தொடாமல் போன ஒரு பெண்ணைச் சந்தேகிப்பதற்கு வேறு பெயர்.

அதனால் நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சந்தத்துக்காக ஒரு வரியை மாற்றினேன் என்று சொன்னது உண்மை. அது அழகான குற்றம், ஒப்புக்கொள்வதில்கூட ஒரு சுகம் இருக்கிறது. இன்னொன்று உண்டு. கையெழுத்துப் பிரதியில் 'பறிக்கக்கூடாத இடங்கள்' என்று ஒரு தனிப் பக்கம் இருந்தது. தொழிற்சாலை மதிலோரம், மருந்து தெளிக்கும் தோட்டம், கழிவுநீர் ஓடும் வாய்க்கால் என்று பட்டியல் போட்டிருந்தேன். அச்சுக் கணக்கில் நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு பக்கம் குறைக்கவேண்டும் என்று ஸ்ரீதர் சொன்னார். எதைக் குறைப்பது என்று என்னிடம்தான் விட்டார். என் முன்னுரை இரண்டு பக்கம். நான் எப்படி எழுத வந்தேன், எனக்கும் மண்ணுக்கும் என்ன உறவு என்றெல்லாம் இருக்கும். அதில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டியலை எடுத்துவிட்டேன்.

9

வியாழக்கிழமை சாயந்தரம் சசிரேகா கடிதத்துக்காக வந்தார். மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவர் அதை மேசை விளக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் படித்தார்.

பெரிதாக இருக்கிறது, யாரும் படிக்கமாட்டார்கள் என்றார். 'உழைக்கும் பெண்ணின் அவலம்' என்று ஒரு பத்தி இருந்தது. அதை எடுக்கச் சொன்னார். 'அப்பாவி' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னார். நீக்கிய பக்கத்தைப் பற்றிய வரியைப் படித்தபோது மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கடைசியில் மிஞ்சியது இவ்வளவு:

"நான் எழுதிய கையேட்டின் பதினோராம் பக்கத்தில், பூச்சி கடிக்காத இலைகளையே பறிக்கும்படி சொல்லியிருக்கிறேன். அது தவறு. மருந்து தெளிக்கும் இடங்களில் பறிக்கக்கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருந்திருக்கவேண்டும். அதை நீக்கியவன் நான். திருமதி சசிரேகா கையேட்டில் உள்ளபடியே கீரையைப் பறித்துச் சமைத்துச் சாப்பிட்டார். [எனக்குத் தெரிந்தவரை] அவர் நஞ்சு எதையும் குடிக்கவில்லை."

"அது இன்னாத்துக்கு சார், எனக்குத் தெரிந்தவரை?"

நான் அங்கே இல்லையே, பார்க்காததை எப்படி உறுதியாக எழுதுவது, எழுத்தில் ஒரு நேர்மை வேண்டாமா என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் பாத்து அனுப்புற பீஸ் வண்டியில மாட்டி ரோட்டுல ஓடுது சார். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஓகேன்னு கையெழுத்துப் போட முடியாது. ஓகே, இல்லாங்காட்டி ரிஜெக்ட்டு. நான் குடிக்கலைன்னு நீங்க நம்புறீங்களா, இல்லியா?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எவ்வளவு என்று தெரியவில்லை. அவர் அதைக் கவனித்தார். அவர் வேலையே அதுதான்.

நம்புகிறேன் என்றேன். பேனாவை எடுத்து அந்த இரண்டு சொற்களையும் அடித்தேன். அடித்தல் தெரியக்கூடாது, வேறு தாளில் எழுதுங்கள் என்றார். எழுதினேன். தேதி போடச் சொன்னார். போட்டேன். நான்காக மடித்து, ஐடி கார்டு உறையில் கார்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, வருகிறேன் சார் என்று எழுந்து போனார்.

ஸ்ரீதருக்கு இன்னும் சொல்லவில்லை. இந்தக் கதையை அவர்தான் முதலில் படிப்பார், அப்போது தெரிந்துகொள்ளட்டும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. குழு கூடுவது திங்கட்கிழமை. அதற்கு என்னைக் கூப்பிடவில்லை. அங்கே நடப்பதை என்னால் ஜோடிக்க முடியும், ஏற்கெனவே மூன்று தடவை ஜோடித்துவிட்டேன். நான்காவது தடவை செய்யமாட்டேன்.

நீங்கள் செய்யுங்கள். குழுவில் மூன்று நாற்காலி. அதில் ஒன்றில் உங்களை உட்காரவைக்கிறேன். மேசைமேல் இரண்டு தாள் இருக்கின்றன. ஒன்று ஆஸ்பத்திரியில் எழுதியது, ஒன்று நான் எழுதியது. இரண்டில் சொன்ன எதையும் நீங்கள் கண்ணால் பார்த்ததில்லை. கடிதத்தில் இல்லாத அந்த இரண்டு சொற்களையும் இங்கே அடைப்புக்குறிக்குள் விட்டுவைத்திருக்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அவை இந்நேரம் தோன்றியிருக்கும். மூன்றாவது முடிவைப் படித்தபோது ஒரு கணம் தலையை ஆட்டினீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. நான் ஆட்டினேன்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் சசிரேகா உட்கார்ந்திருக்கிறார். கூப்பிடுங்கள். வந்ததும் உட்காரச் சொல்லுங்கள். என்னிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்பார். என் அளவுக்கு நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.